மாடிக்கு எட்டாத வைஃபை: பழைய மோடத்தோடு மெஷ் சேர்ப்பது எப்படி?

கேள்வி: கீழ்த்தளக் கூடத்தில் இணைய நிறுவனம் மாட்டிக்கொடுத்த ஃபைபர் மோடம் இருக்கிறது. மாடி அறைகளுக்கு வைஃபை எட்டவில்லை. இரண்டு கருவிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் தொகுப்பு வாங்கினால் பழைய மோடத்தைக் கழற்றிவிடலாமா? வீட்டுத் தொலைபேசியும் கேமராவின் பதிவுப் பெட்டியான டிவிஆரும் அதில்தான் இணைந்துள்ளன.

பதில்: கழற்ற வேண்டாம், கழற்றினால் இணையமே வராது. நாம் மோடம் என்று சொல்லும் அந்தப் பெட்டி மூன்று வேலைகளைச் செய்கிறது. கண்ணாடி இழையில் வரும் ஒளியைக் கணினிக்கு உகந்த சமிக்ஞையாக மாற்றுகிறது, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி கொடுத்துப் போக்குவரத்தை நடத்துகிறது, வைஃபை பரப்புகிறது. மூன்றாவது வேலையை மெஷ் எடுத்துக்கொள்ளும், முதல் வேலையை அதனால் செய்ய முடியாது. இரண்டாவதை யார் செய்வது என்பதை மட்டும் நீங்கள் முடிவுசெய்ய வேண்டும்.

மெஷ் கருவிகள் பெரும்பாலும் ரவுட்டர் முறையில்தான், அதாவது அந்த இரண்டாவது வேலையையும் தாமே செய்யும்படிதான், நிறுவப்படுகின்றன. அப்படியே விட்டுவிட்டால் மோடமும் மெஷ்ஷும் ஆளுக்கொரு வலையமைப்பை நடத்தும். இதைத்தான் இரட்டை நேட் என்கிறார்கள். யூடியூப் பார்ப்பதற்கு அதனால் பாதகமில்லை. ஆனால், மோடத்தோடு இணைந்த டிவிஆரை மெஷ்ஷோடு இணைந்த கைப்பேசிச் செயலி தானாகக் கண்டுபிடிக்காமல் போகலாம். சில இணைய விளையாட்டுகளும் தகராறு செய்யும்.

ஆகவே, மெஷ்ஷை வைஃபை பரப்ப மட்டும் விட்டு, ஐபி முகவரி வேலையை மோடத்திடமே வைக்கும் அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுவதே உங்களுக்கு ஏற்ற வழி. டிபி-லிங்க் டெகோ போன்றவற்றில் நிறுவி முடித்தபின் செயலிக்குள்ளேயே இதை மாற்றிக்கொள்ளலாம். குழந்தைகளுக்கான கட்டுப்பாடு போன்ற சில வசதிகள் இம்முறையில் கிடைக்காமல் போகும். கூகுள் நெஸ்ட் வைஃபை மட்டும் விதிவிலக்கு: அதன் முதன்மைக் கருவியை இப்படி மாற்றினால் மற்றக் கருவிகளோடு மெஷ்ஷாகச் சேராது. மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு மாற்றி, ரவுட்டர் வேலை முழுவதையும் மெஷ்ஷிடம் ஒப்படைக்கும் வழியும் உண்டு. ஆனால் அதற்கு நிறுவனத்தின் ஒத்துழைப்பும் பல இணைப்புகளில் நிறுவனத்தின் வலையமைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தேவை. தொலைபேசி இணைப்பு பாதிக்கப்படுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால், உங்கள் வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மெஷ்ஷுக்குப் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் கொடுத்துவிட்டு, மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு வைஃபைகளையும் அணைத்துவிடுங்கள். டிவி முதல் பிரின்டர் வரை ஒவ்வொன்றிலும் கடவுச்சொல்லைத் திரும்ப அடிக்கும் வேலை பெரும்பாலும் மிச்சமாகும்.

இரண்டாவது கருவியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். சமிக்ஞை கிடைக்காத அறைக்குள்ளேயே அதை வைத்தால், தனக்கே கிடைக்காததை அது எப்படிப் பரிமாறும்? கான்கிரீட் தளம் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பெரிதும் விழுங்கிவிடும். படிக்கட்டின் திறப்பு வழியே அலை ஓரளவு தடையின்றி ஏறும். எனவே, கைப்பேசியில் வைஃபை குறியீடு குறையாமல் இருக்கும் படிக்கட்டின் மேல்முனைதான் பொருத்தமான இடம்; பக்கத்தில் இரும்பு பீரோ இருக்கக் கூடாது.

இதைவிடச் சிறந்தது, இரண்டு கருவிகளுக்கும் இடையே கேட் 6 வகை நெட்வொர்க் கேபிள் இழுப்பது. இரட்டை அலைவரிசை மெஷ்ஷில் கம்பியில்லாத் தொடர்பு ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் செய்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கேபிளில் அந்த இழப்பு இல்லை, அந்தக் கருவியை மாடி அறைக்குள்ளேயே வைக்கவும் முடியும். வாங்கும்போது, கேபிள் செருகும் போர்ட்டுகள் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) தானா என்று அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சில மலிவு மாடல்களில் இருப்பது 100 எம்பிபிஎஸ் போர்ட். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் அதன் வழியே 100-ஐத் தாண்டாது.