பயணத்தில் காணும் எத்தகைய காட்சிகள் நெடுநாள் நினைவில் நிற்கின்றன?

பிரம்மாண்டத்தால் மலைக்க வைப்பவற்றைவிட, கண்ணுக்குத் தெரியாத ஒரு வாழ்வை உணர்த்துபவையே நிலைக்கின்றன என்பது என் கருத்து. நாட்குறிப்பால் அறியப்பட்ட யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பம் நாஜிகளுக்கு அஞ்சி 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை ஒளிந்திருந்த ஆம்ஸ்டர்டாம் மறைவிடத்தின் அறைகள், அவருடைய தந்தை ஓட்டோவின் விருப்பப்படி வெறுமையாகவே விடப்பட்டுள்ளன. ஆனால் வளர்ந்துவந்த மகள்களின் உயரத்தைச் சுவரில் குறித்த பென்சில் கோடுகள் இன்றும் அழியாமல் இருக்கின்றன. அரண்மனைகளின் பொன்முலாம் எனக்கு மறந்துவிடும். இத்தகைய கோடுகள் மறப்பதில்லை.

காட்டுயிர்களில் நான் முதலில் சொல்வது, பலரும் எதிர்பார்க்கும் சிங்கத்தை அன்று, மொனார்க் வண்ணத்துப்பூச்சியை. கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்தும், சில வேளைகளில் 4,000 கிலோமீட்டர் வரை பறந்து, மத்திய மெக்சிகோவில் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஓயமெல் மரக்காடுகளை அவை நவம்பர் வாக்கில் அடைகின்றன. அங்கு வந்து சேர்பவற்றுள் ஒன்றுகூட அக்காட்டை முன்பு கண்டதில்லை. சென்ற குளிர்காலத்தில் அங்கிருந்து புறப்பட்டவற்றுக்குப் பின் சில தலைமுறைகள் கடந்துவிட்டிருக்கும். குளிரில், காய்ந்த இலைக்கொத்துகளைப்போல் கிளைகளில் அசையாது தொங்கும் அவை, வெயில் பட்டு உடல் சூடேறிய பின்னரே சிறகு விரிக்கும். ஆகவே மேகமற்ற நண்பகலில் அங்கே இருப்பது நல்லது.