ரெட் ஒயின்: ராமநாதபுரம் கரையோர வாசகர் கேள்விகள்

*தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ரெட் ஒயின் மூன்று வருஷமாகப் பீரோ மேல் இருக்கிறது. பழசாக ஆக நல்லதாமே? (தங்கச்சிமடம்)*

எந்த ஒயின், எந்த வருஷத்து அறுவடை என்று எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? லேபிளைப் பார்த்து எழுத ஒரு நிமிஷம் ஆகாது. பொதுவாகச் சொல்கிறேன்: கடையில் கிடைப்பதில் பத்துக்கு ஒன்பது, இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடிக்கத் தயாரித்தவை. அதுவும் பீரோ மேல், ஓட்டுக்குக் கீழே மூன்று கோடை! கார்க் மேலே தள்ளியிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ சூடு பட்டுவிட்டது என்று அர்த்தம். திறந்து முகர்ந்து பாருங்கள். காய்ச்சிய ஜாம் வாடையோ வினிகர் நெடியோ வந்தால் கொட்டிவிடுங்கள்.

*கடையில் எதைப் பார்த்து வாங்குவது? (உச்சிப்புளி)*

முதலில் வருஷம். அப்புறம், பாட்டில் இருந்த இடம். வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் நின்றதை எடுக்காதீர்கள். உள்ளே நிழலில் இருப்பதைக் கேளுங்கள். புதிதாகக் குடிப்பவர் என்றால் நாசிக் பக்கத்து ஷிராஸில் (ஷிராஸ் என்ற கருந்திராட்சையில் செய்த ரெட் ஒயின்) தொடங்கலாம். நம் ஊரில் 'போர்ட்' என்று விற்பது பெரும்பாலும் தித்திப்பு ஒயின். போர்ச்சுகல் போர்ட் வேறு.

*ரெட் ஒயினை ஃபிரிட்ஜில் வைத்தால் கெட்டுவிடும், அறை வெப்பத்தில்தான் குடிக்க வேண்டும் என்கிறார் நண்பர். சரியா? (மண்டபம்)*

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. பதில்: சரியில்லை. நம் கடற்கரையில் முழுத் தவறு.

'அறை வெப்பம்' என்ற பழக்கம் ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடுகளில் உருவானது. அங்கே அறை என்றால் 16 முதல் 18 டிகிரி. மண்டபத்தில் மே மாதம் மாலை வீட்டுக்குள் 32க்குக் குறையாது. அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். பழ மணம் அமுங்கிப்போகும், ஒயின் கனத்துத் தளர்ந்து நிற்கும். நல்ல பாட்டிலை இப்படிக் குடித்துவிட்டு, "ரெட் ஒயின் எனக்கு ஒத்துவரவில்லை" என்று எழுதுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. குறை ஒயினில் இல்லை, பரிமாறிய விதத்தில்தான்.

ஃபிரிட்ஜில் அரைமணி நேரம் போதும் என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவது அவர்கள் வீட்டுக் கணக்கு. இங்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் வையுங்கள். அவசரம் என்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கால் மணி நேரம். 15 டிகிரி வாக்கில் ஊற்றினால் கிளாஸில் தானாக 18க்கு வந்துவிடும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால் குடித்து முடிப்பதற்குள் சூடாகிவிடும். ஐஸ் கட்டியை மட்டும் கிளாஸுக்குள் போடாதீர்கள்.

சேமிப்புக்கும் இதே பேச்சுதான். 13 டிகிரி வாக்கில், ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாத வீட்டில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டே மேல். அடுப்படி, ஜன்னலோரம், பீரோ மேல் மூன்றும் கூடாது.

*மீன் குழம்போடு குடிக்கலாமா? (பாம்பன்)*

வேண்டாம். ரெட் ஒயினிலுள்ள இரும்புச்சத்து மீன் எண்ணெயோடு சேர்ந்தால் வாயில் கவுச்சி ஏறும். போதாததற்கு நம் குண்டு மிளகாய்க் காரத்தை டானினும் (திராட்சைத் தோலிலிருந்து வரும் துவர்ப்பு) ஆல்கஹாலும் இன்னும் கூட்டும். கருவாடு என்றால் நினைக்கவே வேண்டாம். மீன்தான் வேண்டும் என்றால் மிளகு தடவிச் சுட்ட சூரை, அதோடு நன்றாகக் குளிர்ந்த, டானின் குறைந்த பினோ நுவார் என்ற திராட்சை வகை ரெட் ஒயின். காரம் குறைத்த ஆட்டுக்கறி வறுவலுக்கு ஷிராஸ் அருமையாகப் பொருந்தும். ஒரு தடவை செய்து பாருங்கள்.

*இதயத்துக்கு நல்லது என்று தினமும் ஒரு கிளாஸ் குடிக்கலாமா? (ராமநாதபுரம்)*

மருந்தாகக் குடிக்காதீர்கள். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. ருசிக்காக எப்போதாவது, அளவோடு.

*திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்? (தொண்டி)*

மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து. வெளியே வைத்தால் மறுநாளே போய்விடும்.

*பாட்டில் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி மின்னுகிறது. கலப்படமா? (சாயல்குடி)*

இல்லை. திராட்சையின் டார்டாரிக் அமிலம் உறைந்த படிகம் அது, கெடுதல் கிடையாது. பாட்டிலை ஒருநாள் நிமிர்த்தி வைத்துவிட்டு, ஆட்டாமல் மெதுவாக ஊற்றுங்கள். கடைசி இரண்டு மடக்கைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.