மூன்று மாதத்தில் பேச வைப்பார்களா?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்று விற்கப்படும் பவுடர், மாத்திரை, சிகிச்சை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த வாரம் பதில் சொல்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மகனுக்கு நான்கு வயது, ஆட்டிசம். 'மூன்று மாதக் கோர்ஸ், பிள்ளை கட்டாயம் பேசும்' என்றவரிடம் ₹48,000 கொடுத்து பவுடரும் சொட்டு மருந்தும் வாங்கினோம். பேச்சு வரவில்லை. இன்னும் மூன்று மாதம் கொடுக்கச் சொல்கிறார். பில் இல்லை, ஜிபேயில்தான் பணம் அனுப்பினோம். பணம் திரும்பக் கிடைக்குமா? – மார்த்தாண்டம்

பதில்: அடுத்த கோர்ஸுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். பில் இல்லையே என்று தளரவும் வேண்டாம். ஜிபேயில் பணம் போன விவரம், 'கட்டாயம் பேசும்' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, காலி டப்பா எல்லாமே சாட்சிதான். எதையும் அழித்துவிடாதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். ஆள் வழிக்கு வராவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்க்குள் கொடுத்து வாங்கியதற்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 வருடத்துக்குள் போய்விட வேண்டும். மீதிப் பவுடரை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள். உணவுப் பொருள் என்று லைசென்ஸ் வாங்கிக்கொண்டு நோயைக் குணமாக்கும் என்று விற்கக் கூடாது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

'மூன்று மாதக் கோர்ஸ்' என்று கேட்டாலே எனக்குக் கொதிக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை எந்தப் பவுடரும் இல்லாமலே மூன்று மாதத்தில் கொஞ்சம் வளரும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், புதிதாக ஒரு சொல் சொல்லும். அது நடந்தால் பெருமை பவுடருக்குப் போகிறது. நடக்காவிட்டால் 'நேரம் தவறிக் கொடுத்திருப்பீர்கள்' என்று பழி அம்மாவின் தலையில் விழுகிறது.

1998-ல் அமெரிக்காவில் செக்ரெட்டின் என்ற குடல் ஹார்மோனைச் செலுத்திய மூன்று பிள்ளைகள் நன்றாக முன்னேறியதாக ஒரு அறிக்கை வந்தது. பெற்றோர்கள் அந்த ஊசிக்காக அலைந்தார்கள். அடுத்த வருடம் 60 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு அந்த ஹார்மோன், மறு பாதிக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். உங்கள் ஆளிடம் இப்படி ஒரு சோதனை நடந்ததா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வீடியோவைத்தான் காட்டுவார்.

கேள்வி: ஆன்லைனில் மீன் எண்ணெய் கேப்சூல், பாட்டில் ₹1,900. ஆட்டிசத்துக்கு நல்லது என்கிறார்கள். வாங்கலாமா? – குளச்சல்

பதில்: வேண்டாம். ஆட்டிசத்துக்கு அது பலன் தரும் என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. பிள்ளை மீன் தின்னுமென்றால் உங்கள் ஊர்ச் சாளை போதும்.

கேள்வி: மகளுக்கு மல்டிவைட்டமின் சிரப், 'மூளை வளர்ச்சி' கம்மீஸ் மிட்டாய், பேஸ்புக்கில் பார்த்து வாங்கிய பி6 மாத்திரை, வைட்டமின் டி சொட்டு மருந்து நான்கும் கொடுக்கிறேன். இன்னொன்றும் சேர்க்கலாமா? – கருங்கல்

பதில்: லேபிளை ஒரு தடவையாவது படித்தீர்களா? கடிதத்தில் ஒரு அளவு கூட இல்லை. யார் கொடுக்கச் சொன்னார்கள் என்றும் இல்லை. ஒரே வைட்டமின் இரண்டு மூன்று பாட்டிலிலும் இருக்கும். ஏ, டி இரண்டும் அதிகமானால் சிறுநீரில் போய்விடாது, உடம்பில் சேரும். டி மிகுந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். பி6 அளவு மீறி மாதக்கணக்கில் போனால் நரம்பு பாதிக்கும். புதிதாக எதையும் சேர்க்காமல், நான்கு பாட்டிலையும் பையில் போட்டு இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் கொண்டு போங்கள். ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தோ வைட்டமின் டியோ குறைவு என்று வந்தால், அவர் எழுதித் தரும் அளவில் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: முடியை வெட்டி அனுப்பினால் உடம்பில் பாதரசம் இருக்கிறதா என்று சொல்கிறார்களாம். ₹9,000. உண்மையா? – நாகர்கோவில்

பதில்: நானே ஏமாந்த இடம் இது. என் தங்கை மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த வருடம், அவள் அழுததைப் பார்க்க முடியாமல் நான்தான் பணம் கட்டி முடியை அனுப்பினேன். ஈயம், பாதரசம் என்று வண்ண வண்ணமாக ரிப்போர்ட் வந்தது. அதை இறக்கும் சொட்டு மருந்தும் அவர்களிடமே இருந்தது. இரண்டு தடவை வாங்கிய பிறகுதான் புரிந்தது. பரிசோதிப்பவரே மருந்தும் விற்றால் ரிப்போர்ட் எப்போதும் மோசமாகத்தான் வரும். அந்தப் பணத்தில் அவனுக்குப் பல மாதம் பேச்சுப் பயிற்சி கொடுத்திருக்கலாம். இன்றும் எனக்கு ஆறவில்லை.

அடுத்து உலோகத்தை வெளியேற்ற 'செலேஷன்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள 5 வயதுச் சிறுவனுக்கு அந்த மருந்தைச் செலுத்தினார்கள். ரத்தத்தில் கால்சியம் சரிந்து, இதயம் நின்று இறந்துபோனான்.

கேள்வி: கோதுமையும் பாலும் நிறுத்தச் சொன்னார்கள். 'குளூட்டன் இல்லாத' மாவு கிலோ ₹650 கொடுத்து வாங்குகிறோம். கட்டுப்படியாகவில்லை. – குலசேகரம்

பதில்: புட்டு, இடியாப்பம், ஆப்பம், மரச்சீனி எதிலுமே குளூட்டன் இல்லை. நம் வீட்டில் இருப்பதையே அந்த மாவுக்காரர் விலைக்குத் தருகிறார். இந்த உணவுமுறையால் ஆட்டிசம் குறைகிறது என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. எனக்குக் கவலை பால்தான். ஏற்கெனவே நாலைந்து பண்டம் மட்டுமே தின்னும் பிள்ளைக்குப் பாலையும் நிறுத்தினால் கால்சியத்துக்கு எங்கே போவது? மலச்சிக்கலோ வயிற்றுவலியோ இருந்தால் அதற்குத் தனியாக மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆசான் ஒருவர் வர்ம எண்ணெய் தடவிவிடுகிறார். பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது. இப்போது உள்ளுக்கும் செந்தூரம் என்று ஒரு சித்த மருந்துப் பொடி தருகிறார். – தக்கலை

பதில்: தடவுவது பிள்ளைக்கு இதமாக இருந்தால் இருக்கட்டும். ஆட்டிசம் போய்விடும் என்று நினைத்துப் பணம் கொடுக்காதீர்கள். லேபிள் இல்லாத செந்தூரத்தை நாக்கில் வைக்கவே கூடாது, அதில் உலோகம் இருக்கும்.

கேள்வி: ஸ்டெம் செல் (மூல உயிரணு) செலுத்தும் சிகிச்சைக்கு 4 லட்சம் கேட்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பாதியை விற்கலாமா என்று யோசிக்கிறோம். – அருமனை

பதில்: விற்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலில் ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சைக்கு அனுமதி இல்லை, ஆராய்ச்சியாக மட்டுமே நடத்தலாம். ஆராய்ச்சி என்றால் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமும் இதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

முதலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி எங்கே கிடைக்கும் என்று அங்கேயே கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஆட்டிசமும் மாற்றுத்திறன்தான், அதனால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்கு விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவும் அதில் வரும். தெரபி பில்களை ஒரு பைலில் போட்டு வையுங்கள்.