பேச்சுவார்த்தையும் கலந்துரையாடலும் – கடிதம்

வணக்கம். எங்கள் தொழிற்சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டை நான் எழுதுகிறேன். "நிர்வாகத்துடன் கலந்துரையாடல் நடந்தது" என்று எழுதியிருந்தேன். செயலாளர் அதைப் 'பேச்சுவார்த்தை' என்று திருத்திவிட்டார். இரண்டும் ஒன்றுதானே? பேச்சு, வார்த்தை என்று ஒரே பொருளை இரண்டு முறை சொல்வது பிழையல்லவா? சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

செயலாளர் திருத்தியதுதான் சரி. கலந்துரையாடலுக்குத் தரப்புகள் தேவையில்லை. ஒரு நூலைப் பற்றிப் பத்துப் பேர் கலந்துரையாடலாம், முடிவே எட்டாமல் எழுந்தும் போகலாம். பேச்சுவார்த்தை என்றால் எதிரெதிரே இரு தரப்பு உண்டு, நடுவில் ஒரு கோரிக்கையோ தகராறோ உண்டு, உடன்பாட்டை எட்டும் நோக்கமும் உண்டு. 1985இல் இலங்கை அரசும் தமிழ் அமைப்புகளும் பூட்டானில் பேசியதைத் திம்புப் பேச்சுவார்த்தை என்கிறோம். அதைக் கலந்துரையாடல் என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே ஒப்பாது. உங்கள் குறிப்பேட்டிலும் இது வெறும் சொல் விஷயமில்லை. "அன்று கருத்துத்தான் கேட்டோம், கோரிக்கை பற்றிப் பேசவில்லை" என்று நிர்வாகம் பின்னால் சொல்ல நீங்களே இடம் கொடுத்துவிடக் கூடாது.

யார் முன்னிலையில் பேசினீர்கள் என்பதையும் எழுதுங்கள். தொழிலாளர் துறை அதிகாரி இருந்தால் முத்தரப்பு, இல்லாவிட்டால் இருதரப்பு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் இதற்குப் பெரிய பலன் இருந்தது. சமரச அதிகாரியாகச் செயல்பட்ட தொழிலாளர் துறை அதிகாரி முன், 12(3) பிரிவின்படி கையெழுத்தான ஒப்பந்தம் அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளரையும், பிறகு வேலைக்குச் சேர்ந்தவரையும் கட்டுப்படுத்தியது. அவர் இல்லாமல் இரு தரப்பும் தமக்குள் 18(1) பிரிவின்படி போட்டுக்கொண்ட ஒப்பந்தமோ அதில் சேர்ந்த தரப்புகளை மட்டுமே.

கூறியது கூறல் என்ற ஐயம் வேண்டாம். நோய்நொடி, வீடுவாசல் போல இதுவும் இணைமொழி. 'வார்த்தை' வடமொழியிலிருந்து வந்தது. தெலுங்கிலும் மலையாளத்திலும் அதே சொல் இன்றும் 'செய்தி' என்ற பொருளில் வழங்குகிறது. வீட்டு வழக்கில் "அவங்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல" என்றால் முகம் கொடுத்துப் பேசுவதே நின்றுவிட்டது என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கு அது. அங்கே உடன்பாடு, கோரிக்கை எதுவும் கிடையாது, பேச்சு மட்டும்தான்.

சேர்த்தே எழுதுங்கள். 'பேச்சுவார்த்தைக் குழு' என்பதில் ஒற்று மிகும். 'பேச்சுவார்த்தை தொடங்கியது' என்பதில் மிகாது, அது எழுவாய்த் தொடர். 'பேச்சுவார்த்தைகள்' என்ற பன்மையும் பெரும்பாலும் வேண்டியதில்லை. பல நாள் நடந்தால் 'மூன்றாம் சுற்றுப் பேச்சுவார்த்தை' என்று எண்ணிச் சொல்லலாம்.

'முடிந்தது', 'முறிந்தது' இரண்டுக்கும் இடையே ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. தட்டச்சில் அது மாறினால் உடன்பாடு வேலைநிறுத்தமாகிவிடும். கையெழுத்துக்கு அனுப்புமுன் அந்த ஒரு சொல்லை வாய்விட்டுப் படியுங்கள். இரண்டும் இல்லாமல் மறுநாளுக்குத் தள்ளியிருந்தால் 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதி, அடுத்த தேதியையும் சேர்த்துவிடுங்கள்.