வீடு முழுவதற்கும் தண்ணீர் வடிகட்டி: கேள்வி பதில்

கேள்வி: ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். வீடு முழுவதற்கும் ஒரே வடிகட்டி பொருத்த எண்ணம். எந்த நிறுவனத்தின் கருவியை வாங்கலாம்?

பதில்: உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நிறுவனத்தின் பெயரைச் சொல்வது முறையாகாது. கடினத்தன்மை, இரும்பு, மாங்கனீசு, கலங்கல், அமில காரத் தன்மை, நைட்ரேட், ஃபுளூரைடு, ஆர்செனிக், கோலிஃபார்ம் கிருமிகள் (கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டுபவை) ஆகிய அனைத்தையும் ஓர் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் முன்பே தண்ணீரைப் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய குப்பியில் மட்டுமே பிடித்து, குளிர்ச்சியாக வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் கருவி வேறு. எல்லாக் குறைகளையும் தீர்க்கும் ஒரே கருவி என்று ஒன்று இல்லை.

கேள்வி: வீட்டுக்கு வந்த விற்பனையாளர் எங்கள் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். சிறிது நேரத்தில் அது செம்பழுப்பாகிவிட்டது. அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர் (நுண்சவ்வு வழியாகச் செலுத்தி உப்பை நீக்கிய தண்ணீர்) அப்படியே தெளிவாக இருந்தது. எங்கள் தண்ணீர் அவ்வளவு மோசமானதா?

பதில்: அந்தப் பழுப்பு நிறம் உங்கள் தண்ணீரிலிருந்து வந்ததன்று, இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உப்புகள் உள்ள தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், கம்பி கரையும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை. அவருடைய தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். குடிக்கத் தகுந்த தாதுநீருக்கும் இதே கதிதான். மக்களை அச்சுறுத்தி விற்கும் இந்த முறையைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. டிடிஎஸ் மீட்டரும் கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டுமே காட்டும். கிருமி இருக்கிறதா, ஆர்செனிக் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

கேள்வி: எங்கள் சோதனை அறிக்கையில் கடினத்தன்மை லிட்டருக்கு 420 மில்லிகிராம், டிடிஎஸ் 900. குழாய்களில் வெள்ளைப் படிவு, கீசர் அடிக்கடி பழுது, சோப்பு நுரைப்பதே இல்லை. சாஃப்ட்னர் (கடினநீரை மென்னீராக்கும் கருவி) போட்டால் டிடிஎஸ் குறையுமா, ஐயா? வீட்டில் நான்கு பேர்.

பதில்: குறையாது. சாஃப்ட்னரில் உள்ள ரெசின் என்னும் பிசின் மணிகளின் படுகை, கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. படிவு நிற்கும், சோப்பு நுரைக்கும், ஆனால் உப்பின் மொத்த அளவு ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் போனாலே மிகக் கடினமான தண்ணீர் என்பார்கள், ஆகவே உங்களுக்குச் சாஃப்ட்னர் தேவைதான்.

அளவை விற்பவரிடம் விட்டுவிடாமல் நீங்களே கணக்கிடலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்றால் நான்கு பேருக்கு 600 லிட்டர். அதை 420 ஆல் பெருக்கினால், அன்றாடம் நீக்க வேண்டிய கடினத்தன்மை சுமார் 250 கிராம். உப்பைச் சிக்கனமாகப் பயன்படுத்தும்போது ஒரு லிட்டர் ரெசின் சுமார் 45 கிராமைத் தாங்கும். எனவே 25 லிட்டர் ரெசின் உள்ள கருவி நான்கு நாட்களுக்கு ஒருமுறை உப்புநீரால் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் இரண்டரைக் கிலோ அளவுக்கு உப்பு செலவாகும். இதைவிடச் சிறிய கருவி விலை குறைவு என்று வாங்கினால், அது நாள்தோறும் உப்பைக் கேட்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 420 அளவுக் கடினத்தன்மையை முழுவதும் நீக்கும்போது தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 190 மில்லிகிராம் சோடியம் கூடுகிறது. குளிக்கவும் துவைக்கவும் அதனால் தீங்கில்லை. ஆனால் இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்துக்கொண்டிருப்பவர்கள் வீட்டில் இருந்தால், சமையலறையில் குடிநீருக்கான குழாயைச் சாஃப்ட்னருக்கு முன்பிருந்தே பிரித்துவிடுங்கள். செடிகளுக்குப் போகும் குழாயையும் அப்படியே பிரிப்பது நல்லது.

கேள்வி: பிடிக்கும்போது தண்ணீர் பளிங்கு போல இருக்கிறது. வாளியில் வைத்தால் மஞ்சளாகி, அடியில் துரு போலப் படிகிறது. 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் (நுண்துகளைத் தடுக்கும் வடிகட்டி உருளை) போட்டும் பயனில்லை. ஏன்?

பதில்: உங்கள் தண்ணீரில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கிறது. சர்க்கரைக் கரைசலைத் துணியில் வடிகட்டினால் சர்க்கரை எப்படித் தங்காதோ, அப்படித்தான் அது கார்ட்ரிட்ஜைக் கடந்து போகிறது. காற்றுப் பட்ட பிறகே திரண்டு துகளாகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இருந்தாலே துணியிலும் பீங்கானிலும் கறை படியத் தொடங்கும். காற்றூட்டியோ மாங்கனீசு டையாக்சைடு கலந்த ஊடகத்தின் (கலத்தில் நிரப்பும் வடிகட்டு மணிகளின்) வழியாகச் செலுத்தியோ இரும்பை முதலில் துகளாக்கி, அதன் பிறகு வடிகட்ட வேண்டும். சாஃப்ட்னரும் வைப்பதாக இருந்தால் இரும்பு வடிகட்டி அதற்கு முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் ரெசினில் துரு ஏறி அது விரைவில் வீணாகும்.

வாங்கியபின் பலர் தவிப்பது பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்தி ஊடகத்தைக் கழுவும் விஷயத்தில்தான். 10 அங்குல விட்டமுள்ள கலத்தில் கனமான ஊடகத்தைப் புரட்டிக் கழுவ நிமிடத்துக்கு 40 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் பாய வேண்டும். உங்கள் மோட்டாரால் அது முடியுமா என்பதை ஒரு 20 லிட்டர் வாளியை வைத்தே பார்த்துவிடலாம். வாளி நிறைய 40 வினாடி ஆனால் ஓட்டம் நிமிடத்துக்கு 30 லிட்டர்தான், அந்தக் கலம் உங்களுக்கு ஆகாது. சரியாகக் கழுவப்படாத ஊடகம் சில மாதங்களில் கட்டியாகிப் பாறைபோல் இறுகிவிடும்.

கேள்வி: வடிகட்டியை மேல்நிலைத் தொட்டிக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா?

பதில்: முன் வைப்பதே பெரும்பாலும் நல்லது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 பார் மட்டுமே. அதில் ஒரு வடிகட்டியைக் குறுக்கே வைத்தால் குழாயில் நூல்போல்தான் தண்ணீர் வரும். கீழ்த் தொட்டியிலிருந்து மோட்டார் ஏற்றும் குழாயில் வைத்தால் வடிகட்டவும் கழுவவும் போதிய அழுத்தம் கிடைக்கும்.

கேள்வி: எங்களுக்குக் குழாய்நீர்தான் வருகிறது. குளோரின் வாடை தாங்கவில்லை. நுழைவாயிலிலேயே கார்பன் வடிகட்டி வைக்கலாமா?

பதில்: வைத்தால் வாடை போகும், ஆனால் சிறிது யோசியுங்கள். தொட்டியிலும் குழாய்களிலும் கிருமி பெருகாமல் காப்பது அந்தக் குளோரின்தான். நுழைவாயிலிலேயே அதை எடுத்துவிட்டு, தண்ணீரை ஒரு நாள் தொட்டியில் தேக்கி வைப்பது நல்லதன்று. தொட்டி இல்லாமல் நேரடியாகக் குழாய்களுக்குப் போகும் வீட்டில் கார்பன் வடிகட்டியை நுழைவாயிலில் வைக்கலாம். தொட்டி உள்ள வீட்டில் சமையலறைக் குழாயிலும் குளியலறையிலும் தனித்தனியாக வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: வீடு முழுவதற்கும் ஆர்ஓ?

பதில்: வேண்டாம். கழிப்பறைக்கும் துணி துவைக்கவும் போகும் தண்ணீரை ஆர்ஓ செய்வது, கழிவாகப் போகும் தண்ணீரை நினைத்தால் பெரும் வீண். தாது நீங்கிய தண்ணீர் உலோகக் குழாய்களையும் அரிக்கும். ஆர்செனிக், ஃபுளூரைடு, நைட்ரேட் போன்றவை அறிக்கையில் வரம்பு மீறியிருந்தால், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒரு சிறிய ஆர்ஓ போதும்.

கேள்வி: கோலிஃபார்ம் இருப்பதாக அறிக்கை வந்துள்ளது. யுவி (புற ஊதா ஒளி) விளக்கு மட்டும் போதுமா?

பதில்: தண்ணீர் தெளிவாக இருந்தால் யுவி நன்றாக வேலை செய்யும். கலங்கலும் இரும்பும் கடினத்தன்மையும் இருந்தால் ஒளி உள்ளே புகாது, விளக்கைச் சுற்றியுள்ள கண்ணாடி உறையிலும் படிவு ஏறும். ஆகையால் யுவி எப்போதும் வரிசையில் கடைசியாக, 5 மைக்ரான் வடிகட்டிக்குப் பின் வர வேண்டும். எரிந்துகொண்டே இருந்தாலும் விளக்கின் கிருமிநீக்கும் திறன் ஏறத்தாழ ஓராண்டில் குறைந்துவிடுவதால் ஆண்டுதோறும் மாற்றுங்கள். யுவியைக் கடந்த தண்ணீருக்கு அதன்பின் பாதுகாப்பு எதுவும் இல்லை, எனவே அதைத் தொட்டிக்குப் பின்னால் வைக்க வேண்டும். கிணற்றுக்குள் கழிவுநீர் கசிகிறதா என்பதையும் உடனே பாருங்கள், அதுவரை குடிநீரைக் கொதிக்க வையுங்கள்.

கேள்வி: வாங்கும்போது எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை எவை?

பதில்: எந்தத் தரச்சான்று எதற்கானது என்று கேளுங்கள். என்எஸ்எஃப் என்ற அமெரிக்கத் தரச்சான்று அமைப்பின் தரங்களில் 42 என்பது சுவைக்கும் வாடைக்கும், 53 என்பது உடல்நலத்தைப் பாதிக்கும் மாசுகளுக்கு, 44 சாஃப்ட்னருக்கு, 55 யுவிக்கு. வெறும் எண் போதாது, எந்த மாசை நீக்குவதாகச் சான்று தரப்பட்டுள்ளது என்ற பட்டியலும் வேண்டும். ஊடகத்தையும் கார்ட்ரிட்ஜையும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அவை வேறு கடைகளிலும் கிடைக்குமா என்பதையும் எழுதி வாங்குங்கள். பொருத்த வருபவரிடம், கருவிக்கு முன்னும் பின்னும் ஓர் அழுத்தமானியும், கருவியைக் கழற்றினாலும் வீட்டுக்குத் தண்ணீர் நிற்காதபடி மூன்று வால்வுகள் கொண்ட மாற்றுவழியும் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு அழுத்தமானிகளுக்கும் இடையிலான வேறுபாடு கூடிக்கொண்டே போனால் கழுவவோ மாற்றவோ வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.