அக்கா பதில்கள்: "நைனா வேணான்றாரு, புனே போலாமா?"

கேள்வி: அக்கா, எனக்கு 22 வயசு, ஊரு குடியாத்தம் பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிட்டு ராணிப்பேட்டை சிப்காட்ல ரெண்டு வருசமா வேலை, கைக்கு 14,500 வருது. இப்ப புனே பக்கத்துல சாக்கன்ல ஒரு கம்பெனில கூப்புடுறாங்க, 24,000 சிடிசின்னு சொன்னாங்க. அம்மா பீடி சுத்துறாங்க, சுகர் வேற. நைனா "அவ்ளோ தூரம் இன்னாத்துக்குடா"ன்றாரு. ஹிந்தி சுத்தமா வராது. ஒரே குழப்பமா கீது.
- பெயர் வேணாம், குடியாத்தம்

பதில்: போ தம்பி. ஆனா 11 மாசத்துக்கு போ.

அது இன்னா கணக்குன்னா, வாடகை வீட்டுக்கு அக்ரிமென்ட் 11 மாசத்துக்குத்தானே போடுறோம், அதே மாதிரி உனக்கு நீயே ஒண்ணு போட்டுக்க. ஊர விட்டே போறேன்னு சொன்னா நைனாவுக்கு தூக்கம் வராது, 11 மாசம்னு சொல்லிப் பாரு, "சரி பாக்கலாம்"னாவது சொல்லுவாரு.

மொதல்ல துட்டு. சிடிசின்னா உனக்காக கம்பெனி பண்ற மொத்த செலவு, அந்த 24,000 முழுசா கைக்கு வராது, கம்பெனி கட்டுற பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாத்தையும் அதுக்குள்ளயே சேத்து எழுதிடுவாங்க, அப்புறம் உன் பங்கு பிஎஃப் பேசிக்ல 12 சதவீதம் போகும், மகாராஷ்டிரால தொழில் வரி மாசாமாசம் 200 ரூபா, பிப்ரவரில மட்டும் 300. எல்லாம் கழிச்சா 19,000 பக்கம்தான் நிக்கும்னு வெச்சுக்க. அதுல ரூம், சாப்பாடு, ஊருக்கு அனுப்புறது. இப்ப நீ வீட்ல சாப்ட்டு வீட்ல தூங்குற, அத மறந்துடாத. அங்க ஏற்கனவே இருக்குற நம்ம பக்கத்து பையன் ஒருத்தன புடிச்சி, ரூம் ஷேர் எவ்ளோ மெஸ் எவ்ளோன்னு கேட்டு பேப்பர்ல எழுதிப் பாரு. மிச்சம் இப்ப மிஞ்சுறத விட 3,000 கூட அதிகமா வரலன்னா, சம்பளத்துக்காக போறேன்னு சொல்லாத, வேலை கத்துக்க போறேன்னு சொல்லு, அதுவும் நல்ல காரணம்தான்.

அடுத்தது லெட்டர். ஆஃபர் லெட்டர் யாரு பேர்ல வருதுன்னு பாரு. கம்பெனி பேர்லயா, இல்ல நடுவுல ஒரு கான்ட்ராக்டர் பேர்லயா? கான்ட்ராக்டர் ஆளுங்க கம்பெனி வாசல், கம்பெனி யூனிஃபார்ம்னு காட்டுவாங்க, சம்பளம் போடுறவன் வேற ஆளா இருப்பான், நாளைக்கு ஒரு பிரச்னைன்னா கம்பெனி கைய விரிச்சிடும். வேலைக்கு சேர டெபாசிட், ட்ரெயினிங் ஃபீஸ்னு எவனாச்சும் துட்டு கேட்டா அங்கேயே திரும்பிடு. பிஎஃப் கணக்குக்கு குடுக்குற யுஏஎன் நம்பர் இந்தியா முழுக்க ஒண்ணுதான், புதுசா ஓப்பன் பண்ண விடாத, இங்க இருக்குற பணத்தையும் எடுத்துடாம அதுக்கே ட்ரான்ஸ்ஃபர் பண்ணிக்க.

அம்மா விஷயம் முக்கியம். இப்ப உனக்கு ஈஎஸ்ஐ, அதான் தொழிலாளிங்களுக்கான அரசு மருத்துவ காப்பீடு, இருக்கும். புது எடத்துல மாச கிராஸ் 21,000க்குள்ள இருந்தா அங்கயும் ஈஎஸ்ஐ வரும், அம்மாவ டிபென்டன்ட்டா சேத்து நம்ம பக்கம் டிஸ்பென்சரி கேட்டு வாங்கிட்டா நீ சாக்கன்ல இருந்தாலும் அவங்க இங்கேயே காட்டிக்கலாம். 21,000 தாண்டிச்சின்னா ஈஎஸ்ஐ கிடையாது. அப்போ எச்ஆர்கிட்ட "மெடிக்கல் இன்சூரன்ஸ்ல அப்பா அம்மா வருவாங்களா"ன்னு நேராவே கேளு, கூச்சப்படாத. சம்பளம் ஏறிச்சின்னு சந்தோஷமா போயிட்டு, அம்மா மாத்திரைக்கு கைக்காசு போட்டவங்கள நான் பாத்திருக்கேன்.

பாஷைக்கு நீ பயப்படுறத பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது. நான் வீட்டுக்காரரு வேலைக்காக அஞ்சு வருசம் புனே பக்கத்துல பிம்ப்ரில இருந்தவ. போன புதுசுல தள்ளுவண்டிக்காரரு "காய் பாஹிஜே"ன்னாரு, நானும் ஆமா காய்தான் வேணும்னு தலையாட்டினேன், அவரு மறுபடியும் "காய்?"ன்றாரு, நான் மறுபடியும் காய்ன்றேன். மராட்டில காய்னா "என்ன"ன்னு அர்த்தம்னு பக்கத்து வீட்டம்மா சொன்னப்புறம்தான் தெரிஞ்சிது. பஸ்ஸு இன்னும் மோசம், நம்பர அவங்க எழுத்துல போட்டிருப்பாங்க, அவங்க ஒண்ணு நம்ம ஒன்பது மாதிரி இருக்கும், அவங்க அஞ்சு நம்ம நாலு மாதிரி இருக்கும். 15ன்னு போட்டத 94ன்னு படிச்சிட்டு ஏறி எங்கயோ போய் இறங்கி அழுதிருக்கேன். ரயில்ல போறப்பவே ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் அந்த எழுத்த பழகிக்க, அது போதும் மொத வாரத்துக்கு.

அதுவும் இல்லாம நீ குடியாத்தத்துக்காரன். பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டுல "நக்கோ பா"ன்னு சொல்றத சின்ன வயசுல இருந்து கேட்டிருப்ப இல்ல? அந்த நக்கோ மராட்டி "நகோ"ல இருந்து வந்ததுதான், அங்கயும் வேணாம்னா அதேதான். நம்மூர் சாய்பு வீட்டு பசங்க பேசுற தக்னி உருது கொஞ்சம் காதுல விழுந்திருந்தாலே ஹிந்தி மூணு மாசத்துல வந்துடும். வேலூர் காந்தி ரோட்டுல போய் நில்லு, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற பெங்காலிக்காரங்க ஒரு வார்த்தை தமிழ் தெரியாம மாசக்கணக்குல லாட்ஜ்ல தங்கி வைத்தியம் பாத்துட்டு போறாங்க, நம்ம டிபன் கடைக்காரரு அவங்களுக்காக பெங்காலில போர்டு வெச்சிருக்காரு. சாக்கன்ல உனக்கு யாரும் தமிழ்ல போர்டு வெக்க மாட்டாங்க, ஆனா சோறு கிடைக்கும்.

இப்ப அந்த 11 மாச கணக்குக்கு வரேன். ரேஷன் கார்டு, ஓட்டு எதையும் மாத்தாத, இங்கயே இருக்கட்டும். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் பதிவு மூணு வருசத்துக்கு ஒருக்கா ரினிவல், தேதி வந்தா ஆன்லைன்ல பண்ணிடு. சாதிச் சான்றிதழ் ஒரு செட்டு அம்மாகிட்ட, ஒரு செட்டு உன் போன்ல. நம்மூர் டிஎன் 23 நம்பர் வண்டி இருந்தா அத ரயில்ல ஏத்தாத, வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா நம்ம ஆர்டிஓகிட்ட என்ஓசி (தடையில்லா சான்று) வாங்கி அங்க மறுபடி பதிவு பண்ணி வரியும் கட்டணும், எதுக்கு இந்த தலைவலி, தம்பி யாராச்சும் இருந்தா ஓட்டட்டும். ரூம் எடுத்தா வாடகை ஒப்பந்தத்த கண்டிப்பா பதிவு பண்ணச் சொல்லு, மகாராஷ்டிரால அது சட்டம், வெறும் வாய்ப்பேச்சுல அட்வான்ஸ் குடுக்காத.

நைனாவ மொத தடவ கூடவே கூட்டிட்டு போ. காட்பாடில இருந்து புனேக்கு நேரா ரயில் இருக்கு, கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம், ரூம பாத்துட்டு ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும். திரும்பி வந்து டீக்கடைல அவரே பெருமையா பேசுவாரு பாரு. அப்புறம் வைகாசி 1 கங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு நீ வரலன்னா அம்மா மனசு தாங்காது, ரயில் டிக்கெட் இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் ஓப்பன் ஆவுது, மார்ச் நடுவுலயே உக்காந்து போட்டுடு.

கேள்வி: ஜிஎன்எம் நர்சிங் முடிச்சிருக்கேன். அகமதாபாத்ல ஒரு ஆஸ்பத்திரில வேலை, ஹாஸ்டலும் தர்றாங்களாம். தனியா போலாமாக்கா?
- ஆற்காடு வாசகி

பதில்: போலாம்மா, ஆனா ரெண்டு விஷயம். நீ பதிவு பண்ணியிருக்குறது தமிழ்நாடு கவுன்சில்ல, அங்க வேலை பாக்க அந்த மாநில நர்சிங் கவுன்சில்லயும் பதிவு பண்ணணும், செலவு யாரு பண்றாங்கன்னு இப்பவே கேளு. ரெண்டாவது, ஒரிஜினல் சர்டிபிகேட்ட யார்கிட்டயும் குடுக்காத. "வெரிஃபிகேஷனுக்கு"ன்னு கேட்பாங்க, காட்டு, கையோட வாங்கிக்க. எங்க சித்தி பொண்ணு ஒரு எடத்துல நம்பி குடுத்துட்டு, வேற வேலை கிடைச்சும் போக முடியாம ஏழு மாசம் அவங்க வாசல்ல நின்னா. பாண்டுன்னு எதையாச்சும் நீட்டினா, எத்தன மாசம், நடுவுல விட்டா எவ்ளோ கட்டணும்னு படிக்காம கையெழுத்து போடாத. மத்தபடி தைரியமா போ, பருப்புல வெல்லம் போடுவாங்க, அதுக்கு மட்டும் ஊறுகாய் பாட்டில் ரெண்டு எடுத்துக்க.

கேள்வி: என் பையன் வேற மாநிலத்துக்கு வேலைக்கு போயிட்டான், மனசே சரியில்ல. பெங்களூர்லதான் இருக்கான். சனிக்கிழமையானா வந்துடறான், வாரத்துத் துணி மொத்தமும் மூட்டையா கட்டி எடுத்துட்டு வரான்.
- ஒரு அம்மா, காட்பாடி

பதில்: பெங்களூர வேற மாநிலம்னு காட்பாடி ஸ்டேஷன்ல சொல்லிப் பாருங்க, பிளாட்பாரமே சிரிக்கும். பையன் எங்கயும் போவலம்மா. அடுத்த சனிக்கிழமை மூட்டையோட வந்தா வாளியையும் சோப்பையும் அவன் கைல குடுங்க.