தென்னமெரிக்க அருவிப் பயணம்: எஃப்.டி.யை உடைத்து இப்போதே முழுப்பணமும் கட்டலாமா?

கேள்வி: தென்காசிப் பக்கம், ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். எனக்கு 62 வயது, மனைவிக்கு 58. பென்ஷன் மாதம் 46,000 ரூபாய். சொந்த வீடு, கடன் இல்லை. என்னோடு வேலை பார்த்தவர்கள் குடும்பத்தோடு சேர்ந்து 16 பேர், இகுவாசு அருவி, இடாய்பு அணை, அசுன்சியோன், ரொசாரியோ, புவனோஸ் ஐரிஸ் என்று 14 நாள் போவதாகத் திட்டம். ஆளுக்கு 5 லட்சம். டிராவல்ஸ் கம்பெனியிடம் பத்து நாளுக்குள் முழுப்பணமும் கட்டினால் ஆளுக்கு 20,000 தள்ளுபடியாம். எங்களிடம் 12 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, முதிர்வுக்கு நான்கு மாதம் பாக்கி. சேமிப்புக் கணக்கில் 4 லட்சம். எஃப்.டி.யை உடைக்கவா, பர்சனல் லோன் எடுக்கவா?

பதில்: பயணம் போங்கள், ஐயா. குற்றாலச் சாரலில் வளர்ந்தவருக்கு இகுவாசுவைப் பார்க்கும் ஆசை வந்ததில் வியப்பே இல்லை. ஆனால் இந்தப் பத்து நாளுக்குள் முழுப்பணமும் கட்டாதீர்கள்.

நீங்கள் கட்ட வேண்டிய முதல் பணம் டாக்டர் ஃபீஸ்தான். நீங்கள் போகிற பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே மூன்றும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள். அங்கிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா திரும்பினால் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைக்க இங்கே விதி இருக்கிறது. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியின் கடுமையான பக்கவிளைவு அபாயம் சற்றுக் கூடுதல், அதனால் உடல்நிலையைப் பார்த்துத்தான் போடுவார்கள். உங்கள் டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், கட்டிய 10 லட்சத்தில் எவ்வளவு திரும்பி வரும்? முதலில் டாக்டரைப் பாருங்கள். அவர் சரி என்றால், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகாரம் பெற்ற மையத்தில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது விசா. பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் தனித்தனி விசா. இகுவாசு இந்த இரண்டு நாட்டு எல்லையில் இருப்பதால் காலையில் ஒரு நாடு, மாலையில் மறு நாடு என்று எல்லை தாண்டுவீர்கள். பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 16 பேரில் நான்கு பேருக்கு விசா வராமல் போனால் மீதிப் பேரிடம் விலை ஏற்றுவார்களா, பயணத்தையே ரத்து செய்வார்களா? குறைந்தபட்சம் எத்தனை பேர் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 40,000 தள்ளுபடி என்பது மொத்தத்தில் வெறும் 4%. அதற்காக இத்தனை அபாயத்தையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

முன்பணமாக 2 லட்சம் மட்டும் கட்டுகிறோம் என்று பேசுங்கள். அதற்கு எஃப்.டி.யை உடைக்க வேண்டாம், எஃப்.டி.யின் பேரிலேயே கடன் வாங்குங்கள். வைப்பு வட்டியைவிட 1.5% கூடுதலாகக் கேட்டாலும், நான்கு மாதத்துக்கு உங்கள் கையைக் கடிப்பது சுமார் 1,000 ரூபாய்தான். பர்சனல் லோன் பேச்சே வேண்டாம். மீதிப் பணத்தை விசா வந்தபிறகு, முதிர்ந்த எஃப்.டி.யிலிருந்து கட்டலாம். சேமிப்பில் இருக்கும் 4 லட்சத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். திரும்பி வந்தபின் உங்களுக்கு இருக்கிற ஒரே அவசர நிதி அது.

5 லட்சத்தில் எதெல்லாம் அடக்கம் என்பதில்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். போன வருடம் ஒரு தம்பதி கொண்டுவந்த திட்டத் தாளில் ஏழாம் நாளில் 'இகுவாசு அருவி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டுப் பார்த்தால்தான் தெரிகிற எழுத்தில், 'அர்ஜென்டினா பக்க நுழைவுக் கட்டணமும் படகுச் சவாரியும் சேராது' என்று போட்டிருந்தார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. சுமார் 275 அருவிகளில் ஏறக்குறைய 80% அந்தப் பக்கம்தானே இருக்கிறது! பிரேசில் பக்கம் நின்றால் முழுக் காட்சி கிடைக்கும். 'பிசாசின் தொண்டை' என்கிற, ஏறத்தாழ 80 மீட்டர் வீழ்ச்சியின் விளிம்புக்குப் போகும் நடைபாதை அர்ஜென்டினாவில். இரண்டு பூங்காவுக்கும் தனித்தனிச் சீட்டு. 2023 அக்டோபர் இறுதியில் பெருவெள்ளம் வந்து நடைபாதைகளை மூடினார்கள். அப்படி ஆனால் பணமா, மாற்று இடமா என்றும் கேட்டுவையுங்கள்.

அர்ஜென்டினாவில் இன்னொரு விஷயம் உண்டு. வெளிநாட்டுப் பயணிகள் பாஸ்போர்ட்டைக் காட்டி, வெளிநாட்டு கார்டிலோ வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்திலோ கட்டினால், அறை வாடகைக்கான 21% வரி கிடையாது. உங்கள் விலையில் அந்தச் சலுகை கழிக்கப்பட்டிருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்டாலே, கணக்குத் தெரிந்தவர்கள் என்று புரிந்துகொள்வார்கள்.

ஜிஎஸ்டியும் டிசிஎஸ்ஸும் (பயணப் பணத்தோடு முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) 5 லட்சத்துக்கு மேலா, உள்ளேயா என்று கேளுங்கள். டிசிஎஸ் விகிதமும் வரம்பும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகின்றன. 7 லட்சமாக இருந்த வரம்பு 2025 ஏப்ரலில் 10 லட்சமானது, பிறகு அதுவும் மாறியது. பணம் கட்டும் நாளில் என்ன விகிதமோ அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது வீண்செலவு அல்ல, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். உங்களுக்கு வரியே வராவிட்டாலும் தாக்கல் செய்தால்தான் ரீஃபண்ட், அதுவரை பணம் முடங்கும். ரசீதை உங்கள் பான், மனைவியின் பான் என்று பிரித்து வாங்கி, இருவரும் தாக்கல் செய்யுங்கள்.

கைச்செலவு, படகு, டிப்ஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் தனியாக ஒதுக்குங்கள். இன்சூரன்ஸ் படிவத்தில் சுகர், பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். டாலர் வாங்கும்போது மடிப்பு, கிழிசல், பேனாக் கிறுக்கல் இல்லாத புது 100 டாலர் நோட்டாகக் கேட்டு வாங்குங்கள்; பழைய நோட்டையும் சின்ன நோட்டையும் புவனோஸ் ஐரிஸில் குறைத்து எடுப்பவர்கள் உண்டு.